மறிக்கவேண்டாம், ஆனால்...

அப்டன் பார்க் கிறீன் வீதியில் நாம் மரக்கறி வாங்கி நின்றபோது தாயொருவர் மறித்தார். "மாஸ்டர், இவன் சிநேகிதரோடை ஸ்கொட்லாந்திலை பனிச்சறுக்குக்குப் போறானாம். இரவு மலைக் குடிலிலை படுக்கையாம். ஒருக்கால் சொல்லுங்கோ." மகன் தலைகுனிந்து நின்றான். இழுவைக் கம்பியில்லாத மலையில் தாமே ஏறிச் சறுக்குவராம்.

அக்குடிலை அங்கே 'பொதி' என்பர். நாம் சுமந்துவந்த பொதியன்று. பூட்டில்லை, வாடகையில்லை, மின்சாரமுமில்லை. பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில் இளைப்பாறியவர்க்கு மேலும் விளக்கம் வேண்டா.

மறிக்கவேண்டாம் என்றோம். ஆயினும் ஆசிரியராயிருந்த எமக்கு மறக்கவொண்ணாத செய்தியொன்றை மகனுக்குக் கூறினோம். 1971 நவம்பரில் எடின்பரோப் பாடசாலை மாணவர் சிலர் கெயாண்கோம் மலைமேட்டில் 'கரன்' என்னும் குடிலை நாடிச் சென்றனர். பனிப்புயலில் குடில் அகப்படவில்லை. வெட்டவெளியில் இரண்டு இரவுகள். மாணவர் 5 பேரும், 18 வயதுப் பயிற்சி ஆசிரியை ஒருவரும் குளிரில் மாண்டனர். உயரத்திலுள்ள குடில்கள் அனுபவமற்றோரை மேலே இழுக்கின்றன என்ற வாதம் எழுந்து, அக்குடிலும் பின்னர் அகற்றப்பட்டது.

"தம்பி, குடில் இருக்கிறதென்று புறப்படாதே. அதனை எட்டாவிடில் எவ்விடத்தில் திரும்புவாயென முதலில் தீர்மானி. குளிர்காலத்தில் நாள்தோறும் பனிச்சரிவு முன்னறிவித்தல் வெளியாகிறது, பார்த்துச் செல். போகும் வழியையும் மீளும் நேரத்தையும் அம்மாவிடம் எழுதிக்கொடு."

"அப்ப விடட்டோ, மாஸ்டர்?" என்றார் தாய்.

மகன் கடைப் பற்றுச்சீட்டைத் திருப்பி, எம்மிடம் பேனா கேட்டான்.