முதியோரின் தனிமை

பிள்ளைகள் புதுவை நகருக்கும் பிரான்ஸுக்கும் பிழைக்கப் போய்விட்டதால், வில்லியனூர், பாகூர்க் கிராமங்களில் பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் உள்ளன. உலகில் அறுவரில் ஒருவர் தனிமையால் வருந்துவதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் அறிவித்தது. நமது தேசத்தில் முதியோருக்கு 14567 என்னும் இலவச டெலிபோன் உதவி 2021-ல் நாடெங்கும் ஏற்பட்டது. நல்ல ஏற்பாடே; ஆயினும் மனஞ்சோர்ந்தவர் தாமாக அதை நாடுவாரா? வீட்டின் நடமாட்டத்தையும் குரலின் தளர்ச்சியையும் கவனித்துத் தனிமையை உணர்த்தும் யந்திரங்கள் இன்று பரீட்சிக்கப்படுகின்றன. முதியவரின் சம்மதமிருப்பின் நாம் ஆட்சேபியோம். ஆனால் யந்திரம் குறிப்புக் காட்டுமேயன்றிக் கதவைத் தட்டாது. அக்குறிப்புக் கிடைத்த அன்றே நேரில் சென்று விசாரிக்கக் கிராமந்தோறும் ஒருவரைச் சர்க்கார் நியமிக்க வேண்டும். அதற்குத் துணைநிற்பது புதுவை வாலிபர்களின் கடமையன்றோ?