எஃப்குளோஸ் சொன்னதை நான் கேட்கலை

எங்க லேப்ல சி ப்ரோக்ராம் சரியான்னு பார்க்க ஒரே வழிதான். அவுட்புட் வந்துச்சா, ரெக்கார்டுல கையெழுத்து. எஃப்ஓபன் நல் திருப்பினா என்ன ஆகும்னு யாரும் கேட்டதில்லை. நானும்தான், பெரியப்பாவோட தக்காளிக் கணக்கு காணாமப் போற வரைக்கும்.

தொண்டாமுத்தூர்ல அவருக்குத் தோட்டம். தினமும் எத்தனை பெட்டி போச்சு, என்ன விலைன்னு பென் டிரைவுல எழுதி வைக்க சின்னதா ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். எழுதினதும் "சேமிச்சாச்சு"ன்னு வரும். அதே டிரைவுல நான் படம் ஏத்தினதுல இடம் தீர்ந்துபோச்சு. 12 நாள் "சேமிச்சாச்சு" வந்துச்சு, ஒரு வரி ஏறலை. "ஏங்கண்ணு, மெசினு கூடப் பொய் சொல்லுமா?"ன்னார்.

சொன்னது நான். எஃப்பிரிண்ட்எஃப் எழுதறதை முதல்ல பஃபர்லதான் வைக்கும், அதனால வெற்றின்னே சொல்லும். எனக்கு டிஸ்குக்குப் போனது எஃப்குளோஸ்லதான். இடமில்லைன்னா அது இஓஎஃப் திருப்பும், காரணம் எர்நோவுல இருக்கும். நான் அதை வாங்கவே இல்லை.

சரி, வாங்கினா மட்டும் போதுமா? ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வழக்கம். ஓபன் தோத்தா -1. பிதிரெட்_கிரியேட் பிழை எண்ணையே திருப்பிக் கொடுத்துடும், எர்நோவைப் பார்க்கறது வீண். ஓபன்எஸ்எஸ்எல்ல கையெழுத்தைச் சரிபார்க்கற ஃபங்ஷனுக்கு 1 சரி, 0 தப்பு, -1னா சரிபார்க்கறதுலயே கோளாறு. "0 இல்லைன்னா சரி"ன்னு எழுதினா -1ம் பாஸ் ஆயிடும். இப்படி எழுதினது யாரோ கத்துக்குட்டி இல்லைங்க, அந்த லைப்ரரிக்குள்ளேயே இருந்துச்சு! கூகுள் பாதுகாப்புக் குழு கண்டுபிடிச்சு, 2009 ஜனவரியில 0.9.8ஜே பதிப்புல திருத்தினாங்க. அதுவரைக்கும் டிஎஸ்ஏ சாவியில உருக்குலைஞ்ச கையெழுத்து ஒண்ணு நல்ல கையெழுத்தா ஏமாத்த முடிஞ்சுது. பைண்ட் டிஎன்எஸ் சர்வர்லயும் இதே மாதிரி தப்பு.

"லினக்ஸ்ல மாலாக் தோக்கவே தோக்காது"ன்னு ஒரு நண்பன் வாதாடுவான். யூலிமிட் -வி போட்டு மெமரியைக் குறைச்சு ஓட்டிப் பாருடா, அப்புறம் பேசலாம்.

ரெக்கார்டு மார்க்குல பாதியை இதுக்கு ஒதுக்கணும்ங்கறது என் கருத்து. டிஸ்க் நிறைஞ்சா என்ன ஆகும்னு வைவாவுல ஒரு கேள்வி போதும், ப்ரோக்ராம் நீளமாயிடும்னு புலம்பறவங்க எல்லாம் எழுதிடுவாங்க.

மண்டிச் சீட்டைத் தேடி 9 நாள் கணக்கைத் திரும்ப எழுதிட்டோம். மீதி 3 நாளுக்குப் பெரியப்பா ஞாபகத்துல இருந்து சொன்ன தொகைதான்.