மகளின் பாஸ்போர்ட்டும் வீட்டுப் பெட்டியும்



பாஸ்போர்ட்டை இப்போது கம்ப்யூட்டரிலேயே எடுத்துவிடலாமாமே என்று தோட்டத்தில் பலரும் கேட்கிறார்கள். 2023 ஜூன் மாதத்தில் நமது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அந்த வழியைத் திறந்தது உண்மைதான். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிவிட்டு, விரல் ரேகையைக் குறிப்பிட்ட 51 பிரதேச செயலகங்களில் ஒன்றில் பதியலாம் என்றார்கள். பத்தரமுல்லையில் விடிய விடியக் காத்துக் கிடந்தவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் கம்ப்யூட்டருக்கு நம்மைத் தெரியாது. கடதாசியில் இருக்கிற பெயர் மட்டுமே தெரியும். அதைப் பற்றித்தான் இந்த முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மகள் சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயருக்கு மலாய் மொழியில் நீண்ட குன்று என்று பொருள். மலையிலிருந்து போன பிள்ளை குன்றின் பெயர் கொண்ட ஊரிலே அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அவளுடைய வேலை அனுமதி பொதுவாக இரண்டு வருடங்களுக்குக் கிடைக்கும். ஆனால் பாஸ்போர்ட் முடியும் நாளைத் தாண்டி அது செல்லாது. பாஸ்போர்ட்டில் எட்டு மாதம் மிச்சம் என்றால் அனுமதியும் எட்டு மாதத்தைத் தாண்டாது. அவள் அனுப்பும் காசை நம்பி அடகுக் கடையில் நகை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

புதுப்பிக்க அவள் இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் திறந்த டவுன்டவுன் ரயில் பாதையில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். ஞாயிறு லீவில் அங்கே போவது சுலபம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்காதே! வீட்டு வேலை செய்வோருக்கு மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு உண்டு. அதற்குப் பதிலாகக் காசு கொடுத்துவிட முடியாது. 2023 ஜனவரி முதல் சிங்கப்பூரில் இது சட்டம். அந்த ஓய்வை ஒரு வேலை நாளில் தரும்படி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்கட்டும். தக்க காரணமில்லாமல் பிறருடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே குற்றம்.

அவள் அங்கே கொடுக்கும் விண்ணப்பமும் கடைசியில் பத்தரமுல்லைக்குத்தான் வருகிறது. அங்கே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் ஒத்துப் பார்ப்பார்கள். நமக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். வீட்டார் வாயால் சொன்ன பெயரைப் பதிவுக்காரர் தமக்குக் கேட்டபடி சிங்களத்தில் எழுதியிருப்பார். அடையாள அட்டைக்கு வேறொருவர் எழுதியிருப்பார். ஒன்றில் முத்துலெட்சுமி, இன்னொன்றில் முத்துலச்சமி, பள்ளிக்கூட இடாப்பில் வெறும் லெட்சுமி. லயத்தில் மூன்று பெயருக்கும் ஒரே பிள்ளைதான் திரும்பிப் பார்க்கும். அலுவலகத்துக்கோ அவர்கள் மூன்று பேர்.

இதைப் புக்கிட் பாஞ்சாங்கில் இருந்துகொண்டு அவளால் எளிதில் திருத்த முடியாது. பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பே பதியப்படவில்லை என்றாலும் அங்கேதான் விசாரிக்க வேண்டும். ஆதாரத்துக்குப் பள்ளிக்கூட இடாப்பு உதவும். எங்கள் அலுமாரியில் பழைய இடாப்புகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தயங்காமல் வந்து கேளுங்கள். தரகருக்குக் காசு கொடுத்து, கிடைத்த பெயரில் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இன்றைக்குத் தப்பினாலும் அடுத்த முறை அதே பிழை வந்து நிற்கும்.

கடதாசியின் அருமை நம்மைப்போல் யாருக்குத் தெரியும்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நமது தாத்தா பாட்டிகள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எத்தனையோ குடும்பங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் தலைமன்னாரில் கப்பலேறின. இங்கேயே நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை முழு விடிவு இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட் என்பது நம்மில் பல வீடுகளுக்கு இந்தத் தலைமுறையில்தான் வந்து சேர்ந்தது. அதில் பெயர் பிழையாக இருக்க விடலாமா?

ஆகவே இன்று இரவு வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து மகளின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டைப் பிரதியையும் எடுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை உட்காரவைத்து, பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி மூன்றையும் எழுத்துக்கூட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் முடியும் திகதியை மகளிடம் கேட்டுக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே பிரதேச செயலகத்துக்கு நடந்தால், மகள் அங்கே நிம்மதியாக வேலை பார்ப்பாள்.