விசாரிக்காமல் தீர்ப்பா?



மாத நடுவிலேயே பெற்றோல் காசு முடிந்துவிடுகிறது. "எங்கெல்லாம் போனீங்க?" என்று கணவர் கேட்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் ஓதலுக்கும் கொண்டுபோய் விட்டதைத் தவிர வேறெங்கும் போகவில்லை என்கிறார் மனைவி. அவர் நம்பவில்லை. சில வீடுகளில் சந்தேகம் மகன்மீது விழுகிறது. கூட்டாளிமாரோடு இரவில் காலிமுகத்திடலுக்கு ஓடியிருப்பான் என்று வாப்பா முடிவு கட்டிவிடுகிறார். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. உண்மையான குற்றவாளியோ பொனட்டின் கீழே, விரல் நீளமான ஒரு சிறு பொருளாக இருக்கலாம்.

நமது வீடுகளில் பழைய கார்கள் நிறைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னும் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவில்லை. ஆகவே 1990-களில் ஜப்பானில் செய்த கொரோலாவும் சன்னியும் இன்றும் கொம்பனித்தெரு ஒழுங்கைகளில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகின்றன. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாயானதையும், பிறகு கியூஆர் அட்டைக்குக் கிடைத்த அளவோடு வாரத்தை ஓட்டியதையும் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் துளியை எண்ணிச் செலவழிப்பது விலை ஏறும்போது மட்டும் வரும் கடமையல்ல. விலை குறைந்தாலும் வீண்விரயம் வீண்விரயம்தான்.

கார் ஏன் அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது? ஒரு கிராம் பெற்றோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோல் அந்த அளவை மிஞ்சினால் எஞ்சின் 'ரிச்' ஆக ஓடுகிறது என்பார்கள் கராஜ்காரர். இதற்கு அடையாளங்கள் உண்டு. சைலன்சரில் கறுப்புப் புகை வரும். பெற்றோல் மணக்கும். கழற்றிப் பார்த்தால் பிளக்கின் நுனியில் அடுப்புக் கரிபோல உலர்ந்த கறுப்புப் படிந்திருக்கும். நீலப் புகை வந்தால் அது ஒயில் எரிவது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று நோய். மருந்தும் வேறு வேறு.

முந்திய கார்களில் காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணியது மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் நன்றாக ஆவியாவதில்லை. அதனால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிடுவோம். இஞ்செக்டர் உள்ள காரில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. ஆனால் அதற்குக் கண்ணில்லை. எஞ்சின் சூடாகிவிட்டதா என்பதைத் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் ஒரு சென்சர்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அந்தச் சென்சர் பழுதாகி, கொதிக்கும் எஞ்சினைப் பார்த்து "இன்னும் குளிர்தான்" என்று சொன்னால், கம்ப்யூட்டர் அதை நம்பி நாள் முழுக்கப் பெற்றோலை ஊற்றும். சோக்கை இழுத்தபடி மறந்துவிட்டு ஓடியதற்கு ஒப்பானது இது.

டாஷ்போட்டில் வெப்பமானி சரியாகக் காட்டுகிறதே என்பீர்கள். பல பழைய டொயோட்டாக்களில் அந்த முள்ளுக்கு ஒரு சென்சர், கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சர். ஒன்று உண்மை சொல்ல மற்றது பொய் சொல்லலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். வயர் முற்றாக அறுந்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். சென்சர் பாதி உண்மையும் பாதிப் பொய்யுமாகச் சொன்னால் விளக்கும் எரியாது. முழுப் பொய்யைவிட அரைப் பொய் ஆபத்தானது என்பதை இரும்பும் நமக்குக் கற்பிக்கிறது!

சூரா ஹுஜுராத்தின் 6-ஆவது வசனம், பாவியொருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரிக்கும்படி முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. விசாரியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் கைசேதப்படக் கூடாது என்பது அதன் காரணம். 12-ஆவது வசனம் அதிகமான சந்தேகங்களை விட்டு விலகச் சொல்கிறது. சென்சர் பாவியல்ல, பழுதான பொருள். ஆனாலும் விசாரிக்காமல் நம்பினால் நஷ்டம் வரத்தான் செய்யும். மனைவியையும் மகனையும் விசாரிக்காமல் குற்றம் சாட்டினால் வரும் நஷ்டமோ பெற்றோலைவிடப் பெரியது.

ஆகவே முதலில் கணக்கெடுங்கள். டேங்கை நிரப்பிக் கிலோமீட்டரை எழுதி வையுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தைப் போட்ட லீட்டரால் வகுங்கள். இரண்டு மூன்று தடவை எழுதினாலே, குறை கூடுதல் ஓட்டத்திலா எஞ்சினிலா என்பது வெளிச்சமாகும்.

எஞ்சினில்தான் என்றால், காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யச் சொல்லுங்கள். பழைய டொயோட்டாக்களில் பொனட்டின் கீழுள்ள சிறு பெட்டியில் இரண்டு முனைகளை இணைத்தால் எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக் குறியெண் சொல்லும். 22 என்றால் தண்ணீர்ச் சென்சரின் பக்கம் குறை. குறியெண் வராவிட்டால் மீட்டரால் அளக்க வேண்டும். டொயோட்டாவின் சென்சர் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் காட்ட வேண்டும். அது சரியென்றால் தேமோஸ்டட் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படியானால் எஞ்சின் உண்மையாகவே சூடேறாது. காற்றழுத்தத்தை அளக்கும் சென்சர் உள்ள கார்களில் அதன் ரப்பர்க் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ, எஞ்சின் முழுப் பாரம் இழுக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெற்றோலை அள்ளி ஊற்றும். பெற்றோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் காற்றுக் குழாயைக் கழற்றினால் அது உலர்ந்திருக்க வேண்டும். உள்ளே பெற்றோல் நனைந்திருந்தால் ரெகுலேட்டர் கிழிந்துவிட்டது. இவையெல்லாம் சரியான பிறகே ஒட்சிசன் சென்சருக்கும் இஞ்செக்டருக்கும் போக வேண்டும்.

பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. அளக்காமலே "இதை மாற்றுங்க, அதை மாற்றுங்க" என்பார்கள். பஞ்சிகாவத்தைக்கு மூன்று தடவை போய்வந்த பின்னும் புகை நிற்காது. கார் நமக்கு அமானிதம் போல, வாடிக்கையாளரின் காசு கராஜ்காரருக்கு அமானிதம். "மாற்ற முன்னர் எப்படிச் சோதித்தீங்க? கழற்றிய பழைய சாமானைத் தாங்க" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார்.

இது காசோடு முடியும் விஷயமல்ல. ரிச்சாக ஓடும் எஞ்சின் காபனோரொட்சைட்டு வாயுவை அதிகமாகக் கக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். கர்ப்பிணியின் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மூடிய கராஜுக்குள் காரை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம். கறுப்புப் புகை வரும் காரைச் சுவரோடு சுவர் ஒட்டிய நமது ஒழுங்கைகளில், அயல்வீட்டு ஜன்னலோரம் ஓடவிட்டு நிற்கவும் வேண்டாம். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் எப்படியோ சமாளித்துச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அந்த ஜன்னலுக்குள் தொட்டிலில் தூங்கும் குழந்தையின் ஹக்குக்கு எந்தச் சான்றிதழைக் காட்டுவது?

இந்த மாதமே உங்கள் வீட்டுக் காரின் கணக்கை எழுதத் தொடங்குங்கள். எண்கள் பேசும்வரை யாரையும் குற்றம் சொல்லாதிருங்கள். நமது நாவையும் கையையும் அயலவருக்குத் தீங்கிழைக்காதவையாக அல்லாஹ் ஆக்கிவைப்பானாக. ஆமீன்.