'வேறுபடுத்துக' கேள்வியும் ஒரு வயிற்றுப்போக்கு கேஸும்

1/ ஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் 'வேறுபடுத்துக' கேள்வி ஞாபகம் இருக்கும். ஸ்கேல் வெச்சு நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் தமனி, வலது பக்கம் சிரை. நாலு பாயிண்ட், முழு மார்க். இந்தக் கேள்வியை நாம பாதிதான் சொல்லிக் கொடுக்கிறோம்னு நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான இழை.

2/ ஒரு கோடைக்காலம். ரெண்டு வயசுக் குழந்தை, மூணு நாளா வயிற்றுப்போக்கு. கண்ணு உள்ளே போய், தோலைக் கிள்ளினா மெதுவாத்தான் திரும்புது. "ஓ.ஆர்.எஸ் கொடுத்தீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "நிறைய கொடுத்தேன் டாக்டர்"னு பையிலிருந்து எடுத்துக் காட்டுறாங்க. பேர்லயே ஓ.ஆர்.எஸ் எழுத்து ஒட்டியிருந்த ஒரு டெட்ரா பேக் ஜூஸ்.

3/ குழந்தைக்கு ட்ரிப்ஸ் போட்டு, நிலைமை சரியாச்சு. கூட வந்த அக்கா ஒன்பதாவது படிக்கிறா. சயின்ஸ்ல நல்ல மார்க்காம். நம்ம ஆஸ்பத்திரி ஓ.ஆர்.எஸ் பொடி பாக்கெட்டையும் அந்த ஜூஸ் பேக்கையும் அவ கையில கொடுத்து, "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், எழுது பாப்பா"ன்னு சொன்னேன்.

4/ டக்குனு கோடு போட்டா. இது பொடி, அது திரவம். இதைக் கரைக்கணும், அதை அப்படியே குடிக்கலாம். இது இலவசம், அது விலைக்கு. இதுல பழம் படம் இல்ல, அதுல இருக்கு. நாலும் உண்மை. பரீட்சைன்னா முழு மார்க். ஆனா தம்பிக்கு எதைக் கொடுக்கணும்னு முடிவு பண்ண நாலுல ஒண்ணும் உதவாது.

5/ "அம்மா இதை எதுக்கு வாங்கினாங்க?"ன்னு கேட்டேன். "உடம்புல போன தண்ணியும் உப்பும் திரும்ப வர்றதுக்கு." சரி, அப்போ எதையெல்லாம் பார்க்கணும்? கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சர்க்கரை எவ்ளோ, உப்பு எவ்ளோன்னு பார்க்கணும்"னா. எதுக்காக ஒப்பிடுறோம்னு தெரிஞ்ச உடனே எதை ஒப்பிடணும்னு அவளுக்கே வந்துடுச்சு.

6/ அடுத்து ஒரு பொறி. பொடி பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம். ஜூஸில் சர்க்கரை 10 கிராம். "ஜூஸ்லதான் கம்மி டாக்டர்!" மறுபடி படிக்கச் சொன்னேன். 13.5 கிராம் ஒரு லிட்டருக்கு. அந்த 10 கிராம் 100 மில்லிக்கு. அதாவது லிட்டருக்கு 100 கிராம். ஏழு மடங்குக்கு மேல. அவ முகம் மாறினதைப் பார்க்கணுமே.

7/ இவ்வளவு சர்க்கரை குடலுக்குப் போனா, உடம்பு தண்ணியை உறிஞ்சுறதுக்குப் பதிலா தண்ணி குடலுக்குள்ள இழுக்கப்படும். பேதி கூடும். அந்த அம்மா மேல தப்பே இல்ல. பேரைப் பார்த்து 'ரெண்டும் ஒண்ணு'ன்னு நம்பினாங்க. ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதுக்காகப் பல வருஷம் போராடினாங்க. 2025 அக்டோபர்லதான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ இந்த மாதிரி பானங்களின் பேரில் அந்த எழுத்துக்களைப் பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டது.

8/ சட்டம் வந்தாச்சு, நல்லது. ஆனா நாளைக்கு வேற பேர்ல வேற ஒண்ணு வரும். "50% சர்க்கரை குறைவு"ன்னு போடுவாங்க. எதைவிடக் குறைவு? எவ்வளவு மில்லிக்கு? இந்த ரெண்டு கேள்வியும் தானா வரணும். அதுக்கான பயிற்சி 'வேறுபடுத்துக' பாடத்துலதான் இருக்கு.

9/ தமனி, சிரைக்கே வருவோம். 'தமனி சுத்த ரத்தம், சிரை அசுத்த ரத்தம்'னு மனப்பாடம் பண்ணினோம். ஆனா நுரையீரல் தமனியில் போறது ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம். அட்டவணை அங்கேயே உடைஞ்சுடும். உண்மையான அடிப்படை திசை. இதயத்திலிருந்து கொண்டு போறது தமனி, இதயத்துக்குக் கொண்டு வர்றது சிரை.

10/ இன்னொரு அடிப்படை அழுத்தம். தமனியில் அழுத்தம் அதிகம், அதனால சுவர் தடிமன். சிரையில் குறைவு. காலிலிருந்து மேல ஏற வேண்டிய ரத்தம் கீழே இறங்கிடாம இருக்க வால்வு. தனித்தனியா மனப்பாடம் பண்ண பாயிண்ட் எல்லாம் ஒரே காரணத்துல கோர்த்துக்கும்.

11/ ஒற்றுமையையும் எழுதச் சொல்லணும். டெங்குவுக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆரம்பத்துல ஒற்றுமைதான் ஜாஸ்தி: காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. காய்ச்சல் விட்டா சாதாரண வைரஸ் காய்ச்சல்ல பெரும்பாலும் நிம்மதி. டெங்குல ஆபத்தான கட்டமே அப்பதான் ஆரம்பிக்கலாம். எங்கே ஒண்ணா இருக்கு, எந்த இடத்துல பிரியுதுன்னு தெரிஞ்சவங்கதான் சரியான நேரத்துக்கு வருவாங்க.

12/ "ஒரு கிளாஸ்ல இத்தனை பிள்ளைங்க, சிலபஸ் முடிக்கணும், பேப்பர் திருத்தணும். அட்டவணைதான் சாத்தியம்"னு டீச்சர்கள் சொல்வீங்க. நியாயம். ஓ.பி-யில நூறு பேர் நிக்கும்போது நானும் சுருக்கமாத்தான் பேசுறேன். அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லல.

13/ ரெண்டே மாற்றம் கேட்கிறேன். ஒண்ணு, நடுவுல இன்னொரு பத்தி: 'எந்த அடிப்படையில்?' அங்கே எழுத ஒண்ணும் இல்லன்னா அந்த பாயிண்ட் செல்லாது. 'பொடி'க்கு எதிரே 'விலைக்கு'ன்னு எழுதுற வேலை அதோட நிக்கும்.

14/ ரெண்டு, அட்டவணைக்குக் கீழே முழு வாக்கியமா மூணு வரி. 'இரண்டுமே', 'ஆனால்', 'அதனால்' மூணும் வரணும். அந்தப் பொண்ணு கடைசியா எழுதினது: "இரண்டுமே தண்ணீரும் சர்க்கரையும் தரும். ஆனால் ஜூஸில் சர்க்கரை ஏழு மடங்கு அதிகம். அதனால் பேதி ஆகும்போது பொடியைத்தான் கரைத்துக் கொடுக்க வேண்டும்."

15/ நாலு பாயிண்ட்டைவிட இந்த மூணு வரி எழுதக் கஷ்டம். 'அதனால்'க்கு அப்புறம் என்ன வரும்னு யோசிச்சாகணும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்தத் தாளை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினது நான் இல்ல, அவதான்.

16/ பெற்றோர்களே, இன்னிக்கு வீட்ல இருக்கிற ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிள்ளைங்க கையில கொடுங்க. பின்பக்க அட்டவணையைப் பார்த்து மூணு வரி எழுதச் சொல்லுங்க. டீச்சர்கள் யாராவது கிளாஸ்ல இதைச் செஞ்சு பார்த்தா எப்படிப் போச்சுன்னு கீழே சொல்லுங்க.