கியர் போடாத பழைய கார்: மீட்டரை நம்பினால் மோசம்!

சென்னையில் கிளட்ச் மிதித்து கார் ஓட்ட இப்போது பலருக்குப் பொறுமை இல்லை. கிண்டியில் கிளம்பி கத்திப்பாராவில் ஏறி இறங்குவதற்குள் இடது முழங்கால் கழன்று விடுகிறது. "பெட்ரோல் வண்டிதான் வேணும், அதுவும் ஆட்டோமேட்டிக்கா இருக்கணும்" என்று வீட்டம்மாவும் சொல்லிவிடுகிறார். புதுசு வாங்கக் கையில் பணம் இல்லை. செகண்ட் ஹேண்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

கிளம்பட்டும், தப்பில்லை. ஆனால் பெயிண்டையும் மீட்டரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்களே, அங்கேதான் வினை!

சைதாப்பேட்டை குமாஸ்தா ஒருவர் வேளச்சேரி பக்கம் கார் பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பையில் பி.எப். பணம் 4 லட்சம். வண்டி பளபளவென்று நிற்கிறது. "ஒரே ஓனர் சார்! டாக்டர் வண்டி! 2019 மாடல், 24 ஆயிரம்தான் ஓடியிருக்கு!" என்கிறார் புரோக்கர். (பழைய கார் எல்லாம் ஏனோ டாக்டர் வண்டியாகவே இருக்கிறது. நோயாளி மட்டும் வாங்குகிறவர்!)

மீட்டர் வித்தை

அந்த 24 ஆயிரத்தை நம்பலாமா? கூடாது. டிஜிட்டல் மீட்டரில் கை வைக்க முடியாது என்பது பழைய கதை. கருவியைச் சொருகி எண்ணைக் குறைத்துவிடும் ஆசாமிகள் இருக்கிறார்கள். ஆனால் பிரேக் மிதியின் ரப்பரை யாரும் குறைக்க முடியாது. 24 ஆயிரம் கிலோமீட்டரில் அது வழவழவென்று தேயாது. ஸ்டீயரிங் தோல் பளபளக்காது. டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்காது. டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். 24 ஆயிரம் ஓடிய வண்டிக்கு நாலு டயரும் ஏன் மாறின என்று கேட்கத்தான் வேண்டும். ஓனரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால், ஒவ்வொரு சர்வீசுக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கணக்கு அங்கே இருக்கும்.

பேர் ஒன்று, ரகம் நாலு

எல்லாவற்றையும் "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே பேரில் விற்கிறார்கள். உள்ளே நாலு ரகம்! 2014-ல் மாருதி செலேரியோ கொண்டு வந்தது ஏ.எம்.டி. இது சாதாரண கியர்பாக்ஸ்தான். காலுக்குப் பதில் ஒரு யந்திரம் கிளட்சை அமுக்குகிறது. கியர் மாறும்போது லேசாகத் தலை ஆடினால் பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம். ஆனால் வண்டி நகரும்போதே நடுங்கினால், கருகல் வாடை அடித்தால், கிளட்ச் போய்விட்டது. விலையில் கழிக்கச் சொல்லலாம்.

டார்க் கன்வர்ட்டர் பழைய ரகம். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் கெட்டி. சி.வி.டி.யில் பல்சக்கரத்துக்குப் பதில் ஒரு பெல்ட் ஓடுகிறது. வெண்ணெய் போல போகும். அதற்கென்றே உள்ள ஆயிலை மாற்றாமல் ஓட்டியிருந்தால் ஊளைச் சத்தம் வரும். ரிப்பேர் என்றால் பிரித்துப் பார்க்கிறவர் குறைவு, பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். நாலாவது டி.சி.டி., ரெண்டு கிளட்ச் உள்ளது. ஓட்ட ஜோர்! ஆனால் அதில் ஆயிலில் முங்காத உலர் கிளட்ச் ரகம், ஊர்ந்து ஊர்ந்து போகும் டிராபிக்கில் சூடேறும். வாரண்டி முடிந்த அந்த வண்டி சம்பளக்காரருக்கு வேண்டவே வேண்டாம்.

காலையில் போங்கள்!

வண்டி பார்க்கக் காலையில் போவதே உத்தமம். முதல் வேலை, பானட்டில் கை வைப்பது. சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஏன்? குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும்! பிரேக்கை மிதித்தபடி 'ஆர்', பிறகு 'டி' போட வேண்டும். யோசித்து யோசித்து கியர் விழுந்தாலோ 'டொக்' என்று இடித்தாலோ சங்கதி சரியில்லை. பிறகு அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். மேம்பாலமும் ஏற வேண்டும், நெரிசலிலும் ஊர வேண்டும். கியர்பாக்ஸ் சூடான பிறகுதான் பல்லிளிக்கும். "இந்தத் தெருவிலேயே ஒரு ரவுண்டு போதும் சார்" என்பவரிடம் மூச்சு விடாமல் கிளம்பிவிடலாம். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போக ஆயிரம், ரெண்டாயிரம் ஆகுமே என்று யோசிப்பவர்கள், 4 லட்சத்தை மட்டும் யோசிக்காமல் எண்ணிக் கொடுக்கிறார்களே!

பெட்ரோல் குழாய்களையும் மெக்கானிக் பார்க்கட்டும். 2023 ஏப்ரலுக்கு முந்திய பல வண்டிகள் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கென்று தயாரானவை அல்ல.

முங்கிய கார்

சென்னைக்கென்று தனி ஆபத்து வெள்ளக் கார். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முங்கிய கார்கள் கொஞ்சமல்ல. இன்சூரன்சில் கழித்துக் கட்டிய கார் ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் துடைத்து, சென்ட் அடித்து, மறுபடி தெருவுக்குக் கொண்டு வந்தால் யார் கண்டார்கள்? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி பள்ளத்தில் மண் இருக்கும். சீட்டுக்கு அடியில் போல்ட் துருப்பிடித்திருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கியரை ஆட்டுவிப்பது கம்ப்யூட்டர் பெட்டி. அதன் ஒயரில் ஏறிய ஈரம் இன்று ஒன்றும் செய்யாது. ஆறு மாதம் கழித்து, குழந்தை குட்டியோடு போகும்போது நடுரோட்டில் வண்டியை நிறுத்தும்!

'இது வெள்ளத்தில் மூழ்கிக் கழிக்கப்பட்ட வண்டி' என்று ஆர்.சி.யில் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரியை எழுத அரசாங்கத்துக்கு என்ன தடை? கழித்த வண்டிகளின் பட்டியல் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கையில்தானே இருக்கிறது!

பேர் மாறியதா?

"பேர் மெதுவா மாத்திக்கலாம் சார்" என்பது அடுத்த வலை. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆகவே விற்கிறவருக்கும் இதில் தூக்கம் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிப்படி, பழைய கார் டீலர் ஆர்.டி.ஓ. ஆபீசில் அங்கீகாரம் வாங்க வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததையும் தெரிவிக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை. படிவம் 29, 30 ரெண்டிலும் கையெழுத்து வேண்டும். பேங்க் கடன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-ம், பாக்கி இல்லை என்ற பேங்க் கடிதமும் வேண்டும். மீதிப் பணத்தில் ஒரு பகுதியை, பேர் மாறும் வரை நிறுத்தி வைப்பது நல்லது. அதற்கு முகம் சுளிக்கும் புரோக்கர்களும் உண்டு.