வெயில் நாட்டில் கம்பளிக் கோட்டு

“சிங்கப்பூர் வெயிலுக்குக் கம்பளியா?” என்று பலர் சிரிப்பார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது குளிர்காலப் போர்வை. மெல்லிய கம்பளி நூலால் சிறு இடைவெளிவிட்டு நெய்த கோட்டுத்துணி வேறு வகை. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் எடைதான் இருக்கும். காற்று உள்ளே புகும். வியர்வையின் ஈரத்தையும் உறிஞ்சும். விலை மலிவு என்று நாம் வாங்கும் பாலியஸ்டர் துணி ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. அதனால்தான் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

நேர்முகத் தேர்வுக்காக முதல் கோட்டு வாங்கும் இளையர்கள், நிறத்தைப் பார்க்குமுன் துணியைக் கையில் கசக்கிப் பார்க்க வேண்டும். நல்ல கம்பளியில் சுருக்கம் விரைவில் மறையும். முதுகு முழுவதும் உள்துணி தைத்த கோட்டு வேண்டாம். மேல்துணி எவ்வளவு மெல்லியதாயினும் அது புழுங்கச் செய்யும். தோள் பொருந்தவில்லையா? வாங்கவே கூடாது. இடுப்பைத் தையற்காரர் எளிதில் பிடித்துத் தைப்பார். தோளைத் திருத்துவது பெரும்பாடு.

ஒருமுறை அணிந்ததுமே உலர்சலவைக்கு அனுப்புவது, என் கருத்தில், வீண் செலவு. அடிக்கடி சலவை செய்தால் துணியும் நலியும். அகன்ற துணிமாட்டியில் ஒரு நாள் காற்றாடத் தொங்கவிட்டாலே போதும். பல மாதங்கள் எடுத்து வைப்பதற்கு முன்பு மட்டும் சலவை கட்டாயம். வியர்வையும் கறையும் படிந்த கம்பளியை அந்துப்பூச்சியின் புழுக்கள் விரும்பித் தின்னும்.